அதிகம் ஜெயித்ததற்காகவா வெளியேற்றினார்கள்? செயின்ட் தாமஸும் மினசோட்டாவின் சின்னக் கல்லூரி ஃபுட்பாலும்

கேள்வி இது: “மினசோட்டாவில் சின்னக் கல்லூரிகள் ஆடும் ஒரு ஃபுட்பால் லீக்கில், ரொம்ப ஜெயிக்கிறது என்று ஒரு கல்லூரியையே வெளியே அனுப்பிவிட்டார்களாமே, உண்மையா? டிவியில் பெரிதாக வராத அந்த லீக்கின் பட்டத்துக்கு ஏன் இத்தனை சண்டை?”

வெளியே அனுப்பியது உண்மை. ஜெயித்ததற்காக என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில் அந்தக் கல்லூரியின் அளவு, பணம், அது இருக்கும் ஊர் எல்லாம் வருகின்றன. அந்த மீதிப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைச் சொல்வதற்கு முன் ஆடுகளத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும்.

இங்கே ஃபுட்பால் என்பது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்தபடி ஓடும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது. அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் போல லட்சம் பேர் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்களே, அவையெல்லாம் முதல் டிவிஷன். மூன்றாவது டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தரக்கூடாது. படிப்பையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து எல்லா மாணவர்களுக்கும் தருகிற உதவித்தொகைதான் வீரர்களுக்கும். ஆடுகிற பையன்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பட்டம் வாங்கியதும் பள்ளி ஆசிரியராக, கணக்கராக, காப்பீட்டு ஊழியராகப் போய்விடுவார்கள். தொழில்முறை ஆட்டம் வரை போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் லீக்குக்கு கான்ஃபரன்ஸ் என்று பெயர். நாம் பேசுகிற கான்ஃபரன்ஸின் முழுப்பெயர் மினசோட்டா இன்டர்காலேஜியட் அத்லெடிக் கான்ஃபரன்ஸ். எம்ஐஏசி என்று எழுதுவார்கள், ரசிகர்கள் வாயில் ‘மையாக்’. 1920-இல் ஏழு கல்லூரிகள் சேர்ந்து தொடங்கினார்கள்: கார்ல்டன், குஸ்டேவஸ் அடால்ஃபஸ், ஹாம்லின், மெக்காலஸ்டர், செயின்ட் ஜான்ஸ், செயின்ட் ஓலாஃப், செயின்ட் தாமஸ். பட்டியலில் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். பின்னாளில் வெளியேற்றப்பட்டது வாசல் வழியாக நேற்று வந்த விருந்தாளி இல்லை, வீட்டைக் கட்டியவர்களில் ஒருவர்.

சீசன் சின்னது. செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பர் நடுவில் முடிந்துவிடும், மொத்தம் பத்து ஆட்டம். 2010-களில் எம்ஐஏசியில் ஒன்பது ஃபுட்பால் அணிகள் இருந்தன. ஆகவே எட்டு ஆட்டம் லீக்குக்குள், இரண்டு வெளியே. பட்டம் வெல்லும் அணிக்கு, தேசியப் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் நேரடி இடம். 2023 வரை பிளேஆஃபில் 32 இடங்கள்தான் இருந்தன, அவற்றில் பெரும்பகுதி இப்படிப் பல கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே போய்விடும். மிஞ்சுகிற ஐந்தாறு இடங்களுக்கு நாடு முழுவதும் உள்ள இரண்டாமிடக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால் ஒரு தோல்வி வந்தால் நகத்தைக் கடித்துக்கொண்டு கமிட்டியின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு தோல்வி வந்தால் அநேகமாகச் சீசன் முடிந்தது. 2024-இலிருந்து 40 அணிகள் என்று ஆனபிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. பழைய 32 அணிக் காலத்தில் அக்டோபரின் ஒரே ஒரு சனிக்கிழமை மத்தியானம் மொத்த வருடத்தையும் முடித்து வைத்துவிடும். பட்டத்துக்கு இத்தனை சண்டை ஏன் என்று கேட்டீர்களே, அதில் பாதிக்குப் பதில் இதுதான்.

இன்னொரு பாதி செயின்ட் ஜான்ஸ், செயின்ட் தாமஸ் என்ற இரண்டு கத்தோலிக்கக் கல்லூரிகளின் பகை. 1901-இல் முதல்முறை மோதினார்கள். ஒரு பக்கத்தை ‘ஜானி’ என்பார்கள், இன்னொரு பக்கத்தை ‘டாமி’. செயின்ட் ஜான்ஸ் இருப்பது காலேஜ்வில் என்ற இடத்தில், காட்டுக்கும் ஏரிகளுக்கும் நடுவில், பெனடிக்டைன் துறவிகளின் மடத்தை ஒட்டி. ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி, பெண்களுக்கு சில மைல் தள்ளி செயின்ட் பெனடிக்ட் என்று தனிக் கல்லூரி. செயின்ட் தாமஸ் தலைநகரான செயின்ட் பாலில் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஜானி, தம்பி டாமி என்றிருப்பது அங்கே சகஜம்.

செயின்ட் ஜான்ஸ் பற்றிப் பேசினால் ஜான் கலார்டியைத் தாண்டிப் போக முடியாது. 1926-இல் கொலராடோவின் டிரினிடாடில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, கோச் இரண்டாம் உலகப் போருக்குப் போய்விட்டதால் 16 வயதில் அணியைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். மொன்டானாவில் கரோல் கல்லூரியில் சில வருடங்கள், அப்புறம் 1953-இல் காலேஜ்வில்லுக்கு வந்தவர் 2012 வரை நகரவே இல்லை. மொத்தம் 489 வெற்றிகள். எந்த டிவிஷனிலும் எந்தக் கல்லூரி ஃபுட்பால் கோச்சும் இந்த எண்ணைத் தொட்டதில்லை.

எண்ணைவிட அவர் வேலை செய்த விதம்தான் விசேஷம். பயிற்சியில் டேக்கிள் (பந்தோடு ஓடுகிறவனை மடக்கி வீழ்த்துவது) கிடையாது, விசில் கிடையாது, பயிற்சி நேரம் ஒன்றரை மணிக்கு மேல் போகாது, பளு தூக்குதல் கட்டாயமில்லை. அவரைக் கோச் என்று கூப்பிடக் கூடாது, ‘ஜான்’ என்றால் போதும். சேர வருகிற யாரையும் அணியிலிருந்து கழித்துவிடுவதும் இல்லை. அதனால் இரண்டாயிரத்துக்கும் குறைவான மாணவர்கள் உள்ள கல்லூரியில் ஃபுட்பால் அணியில் மட்டும் நூற்றைம்பது பேருக்கு மேல் நிற்பார்கள். பயிற்சியில் அடித்துக்கொள்ளாமல் சனிக்கிழமை எப்படி அடிப்பார்கள் என்று மற்ற கோச்சுகள் தலையைச் சொறிந்தார்கள். பதில் ஸ்கோர்போர்டில் இருந்தது. 1963, 1965, 1976, 2003 என்று நான்கு தேசியப் பட்டங்கள். 2003 நவம்பரில் அதே லீக்கின் பெத்தல் அணியை 29–26 என்று வென்றபோது, கிராம்ப்ளிங் கல்லூரிக் கோச் எடி ராபின்சனின் 408 வெற்றிகள் என்ற சாதனை உடைந்தது. அதே சீசனின் இறுதிப் போட்டியில், தொடர்ந்து 55 ஆட்டங்களை வென்றிருந்த ஒஹாயோவின் மவுண்ட் யூனியனை 24–6 என்று மடக்கினார்கள். மூன்றாவது டிவிஷனின் சிறந்த வீரருக்கு 1993 முதல் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. 2018 அக்டோபரில், 91 வயதில் காலமானார்.

இந்தக் கதையை இவ்வளவு சொல்ல ஒரு காரணம் உண்டு. எம்ஐஏசியில் ஒரு அணி மற்றவர்களைத் துவைத்துக் காயப்போடுவது செயின்ட் தாமஸ் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1993 சீசனில் செயின்ட் ஜான்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 61.5 புள்ளிகள் எடுத்தது. அந்த 61-ஐ வாங்கிக்கொண்டவர்கள் யார்? இதே லீக்கின் பிள்ளைகள்தான். (அந்த வருடமே அரையிறுதியில் மவுண்ட் யூனியன் அவர்களை 56–8 என்று அடித்து அனுப்பியது என்பதையும் டாமிக்காரர்கள் மறக்காமல் சொல்வார்கள்.) இன்னொரு ஓரத்தில் மெக்காலஸ்டர் 1974 முதல் 1980 வரை தொடர்ந்து 50 ஆட்டங்கள் தோற்றது, அந்தக் காலத்தில் அதுவே என்சிஏஏ சாதனை. அப்போது யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. தாங்க முடியாமல் போன மெக்காலஸ்டர், 2001 சீசனோடு தானாகவே எம்ஐஏசி ஃபுட்பாலை விட்டு விலகிக்கொண்டது.

சரி, செயின்ட் தாமஸுக்கு வருவோம். 1920-இல் இந்த ஏழு கல்லூரிகளும் ஏறக்குறைய ஒரே உடம்பு வாகு. செயின்ட் தாமஸ் 1977-இல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது, 1990-இல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது, பெருநகரத்தில் இருப்பதால் வளர்ந்துகொண்டே போனது. 2019 வாக்கில் இளநிலை மாணவர்கள் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். மற்றவர்களில் பெரிய கல்லூரி என்றாலே மூவாயிரத்தை ஒட்டித்தான். அதோடு பணக்கார முன்னாள் மாணவர்கள், 2010-இல் வந்த புது விளையாட்டு வளாகம்.

ஆனாலும் 2007-இல் அதே செயின்ட் தாமஸ் ஃபுட்பாலில் இரண்டு ஜெயித்து எட்டு தோற்றது. அளவும் பணமும் மட்டும் போதாது என்பதற்கு அந்த வருடமே சாட்சி. 2008-இல் க்ளென் கரூசோ கோச்சாக வந்தார். எங்கிருந்து வந்தார் தெரியுமா? அதே நகரிலுள்ள, தோற்பதற்குப் பேர்போன மெக்காலஸ்டரிலிருந்து. நான்கு வருடங்களுக்குள் செயின்ட் தாமஸ் லீக்கின் உச்சியில் இருந்தது. 2012-லும் 2015-லும் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசிய இறுதிப் போட்டியான ஸ்டாக் பௌலுக்குப் போனார்கள். இரண்டு முறையும் மவுண்ட் யூனியனிடம் தோற்றார்கள், முதலில் 28–10, பிறகு 49–35. மாநிலத்துக்குள் ராஜா, ஒஹாயோக்காரர்கள் முன்னால் மட்டும் தலை குனிந்தவர்கள்.

2017-இல் இரண்டு சம்பவங்கள். செப்டம்பரில் டாமி–ஜானி ஆட்டத்தை மினியாபொலிஸின் பேஸ்பால் மைதானமான டார்கெட் ஃபீல்டில் வைத்தார்கள். 37,355 பேர் வந்தார்கள், மூன்றாவது டிவிஷன் வரலாற்றில் அதுவரை காணாத கூட்டம். செயின்ட் ஜான்ஸ் 20–17 என்று வென்றது. (அந்தக் கூட்டச் சாதனையை 2019-இல் நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட்–இதாகா ஆட்டம் முறியடித்தது, அதற்கு மெட்லைஃப் ஸ்டேடியத்தில் 45,161 பேர்.) இரண்டாவது சம்பவத்துக்கு அவ்வளவு கூட்டம் இல்லை, பேச்சுதான் அதிகம்: செயின்ட் தாமஸ் 97, செயின்ட் ஓலாஃப் 0. ஒரு டச்டவுனுக்கு 6 புள்ளி, அதன்பின் உதைப்பதற்கு 1. 97 எடுக்க எத்தனை முறை கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்கோரை வைத்து செயின்ட் தாமஸை வில்லனாக்குவது எனக்கு உடன்பாடில்லை. பெரிய வித்தியாசத்தில் ஆட்டம் போகும்போது களத்தில் நிற்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வரிசைப் பையன்கள். வாரம் முழுக்கப் பயிற்சி செய்துவிட்டு வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் களமிறங்கும் ஒருவனிடம் ‘பந்து கையில் வந்தால் ஓடாதே’ என்று எந்தக் கோச் சொல்வார்? ஆனால் எதிர்ப்பக்கம் நிற்கும் பையனின் அம்மா அப்பாவுக்கு இந்த விளக்கமெல்லாம் காதில் ஏறாது. கல்லூரித் தலைவருக்கு வருகிற ஈமெயில்களிலும் ஏறாது.

2019 வசந்தத்தில் விஷயம் வெடித்தது. சில கல்லூரிகள் தனியே பிரிந்து புது லீக் தொடங்கப் போவதாகவும், செயின்ட் தாமஸ் இருந்தால் எம்ஐஏசியே கலைந்துவிடும் என்றும் பத்திரிகைகளில் வந்தது. மே 22 அன்று கான்ஃபரன்ஸ் அறிவித்தது: செயின்ட் தாமஸ் உறுப்பினர் பொறுப்பிலிருந்து, அதன் விருப்பமின்றியே, நீக்கப்படுகிறது. சொல்லப்பட்ட முக்கியக் காரணம், விளையாட்டில் போட்டிச் சமநிலை. 2021 வசந்தம் வரை இருந்துகொள்ளலாம், மெல்ல வேறு இடம் பார்க்கலாம். ஃபுட்பால் மட்டும் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்கள், பெண்கள் என எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தரும் கோப்பைகளை செயின்ட் தாமஸ்தான் வருடக்கணக்கில் அள்ளிக்கொண்டிருந்தது. கூடைப்பந்து, ஓட்டம், வாலிபால் என்று எங்கே பார்த்தாலும் அதே ஊதா உடை.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டு பட்டார்கள், இன்றுவரை ஒன்று சேரவில்லை. ஒரு தரப்பு: “நன்றாக ஆடுகிறவனைத் துரத்திவிட்டு நீ வாங்கும் கோப்பைக்கு என்ன மதிப்பு? தோற்றால் பயிற்சி செய், கோச்சை மாற்று.” இவர்கள் விஸ்கான்சினையும் ஒஹாயோவையும் காட்டுவார்கள். பக்கத்து விஸ்கான்சினின் அரசுப் பல்கலைக்கழக லீக்கில் வைட்வாட்டர், கோச் லான்ஸ் லைபோல்டின் கீழ் 2007 முதல் 2014 வரை ஆறு தேசியப் பட்டங்கள் வென்றது, எட்டு சீசனில் தோற்றதே ஆறு ஆட்டம்தான். யாரும் வெளியே தள்ளவில்லை. அதே லீக்கின் ஆஷ்காஷ் எழுந்து 2016-இல் இறுதிப் போட்டி வரை போனது.

ஒஹாயோ லீக்கில் மவுண்ட் யூனியன் இன்னும் மோசம், அதாவது மற்றவர்களுக்கு மோசம். கோச் லாரி கேரஸ் காலத்தில் மட்டும் 11 தேசியப் பட்டங்கள். 1994 முதல் 2005 வரை, பிளேஆஃபைச் சேர்க்காமல், வழக்கமான சீசனில் தொடர்ந்து 110 வெற்றிகள், ஒஹாயோ நார்தர்ன்தான் ஒருவழியாக நிறுத்தியது. உடனே அடுத்த வரிசை ஆரம்பித்து 112 வரை போனது. அதை 2016 நவம்பரில் அதே லீக்கின் ஜான் கேரல் பல்கலைக்கழகம் 31–28 என்று உடைத்தது. பதினோரு வருடத்தில் ஒரு தோல்வி! அப்படிப்பட்ட லீக்கில் மற்றவர்கள் உட்கார்ந்து ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நல்ல வாதம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மவுண்ட் யூனியன் என்பது அலையன்ஸ் என்ற சின்ன ஊரில், இரண்டாயிரம் சொச்சம் மாணவர்கள் படிக்கும் கல்லூரி. அதனிடம் தோற்கிறவனுக்கு ‘நம்மை மாதிரி இருக்கிறவன்தான், நம்மைவிட நன்றாகச் செய்கிறான்’ என்று தோன்றும். எரிச்சல் வரும், பொறாமை வரும், அநியாயம் என்று தோன்றாது. வைட்வாட்டர் அதன் லீக்கில் பெரிய கல்லூரிகளில் ஒன்றுதான், ஆனாலும் அங்கே எல்லாருமே ஒரே மாநில அரசின் குடைக்குள் இருக்கிறவர்கள், ஒரே சம்பள விகிதம், ஒரே பட்ஜெட் புலம்பல். செயின்ட் தாமஸிடம் தோற்றவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடைக்கவில்லை. நம்மூர்க் கபடிப் போட்டியில் 65 கிலோ பிரிவில் எவ்வளவு கெட்டிக்காரன் வந்து எல்லாரையும் தூக்கிப் போட்டாலும் கைதட்டுவோம், 90 கிலோக்காரன் அதே பிரிவில் வந்து நின்றால் தராசு எங்கே என்று கேட்போம். அவன் திறமைசாலியாகவும் இருக்கலாம், அது வேறு விஷயம்.

என் கணிப்பில், ஒரு சின்ன லீக்கின் பட்டப் போட்டியைத் தாங்கி நிற்பது இந்த ‘நம்மை மாதிரி’ என்ற உணர்வுதான். தேசியப் பட்டம் இவர்களில் பலருக்குக் கனவில்கூட இல்லை. 1992-இல் கார்ல்டன் எம்ஐஏசி பட்டம் வென்றது. படிப்பில் நாட்டின் உச்சத்தில் இருக்கும் கல்லூரி, ஃபுட்பாலில் பெரும்பாலும் கடைசி வரிசை. 1997-இல் ஆக்ஸ்பர்க் வென்றது. அந்தப் பையன்கள் இன்று ஐம்பது வயதை நெருங்கியும் தாண்டியும் இருப்பார்கள், அந்தச் சீசனைப் பற்றிப் பேசாத அலும்னி கூட்டம் இருக்காது. அப்படி ஒரு வருடம் எப்போதாவது நமக்கும் வரும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை கடைசி இடத்து அணிக்கும் ரசிகர்கள் வருவார்கள். 2010-களில் அந்த நம்பிக்கை போய்விட்டது என்று கல்லூரித் தலைவர்கள் நினைத்தார்கள்.

அவர்கள் நினைத்தது சரி, எடுத்த மருந்துதான் சந்தேகத்துக்குரியது. 97–0 வாங்கிய கல்லூரிக்குப் பட்டத்துக்கான வழியில் செயின்ட் தாமஸ் மட்டுமா நின்றது? செயின்ட் ஜான்ஸ் நின்றது. 1989 முதல் கோச் ஸ்டீவ் ஜான்சன் மூன்று தலைமுறை வீரர்களை வளர்த்த பெத்தல் நின்றது. மாநிலத்தின் மேற்கு எல்லையிலிருந்து கன்கார்டியா அவ்வப்போது வந்து நின்றது. செயின்ட் தாமஸ் போனதும் வரிசையில் ஒரு ஆள் குறைந்தார், அவ்வளவுதான். ஜானிகளும் பெத்தலும் இன்றும் மேலேதான் இருக்கிறார்கள்.

போனவர்களுக்கு என்ன ஆயிற்று? தண்டனை வரமானது. அப்போதைய விதிப்படி மூன்றாவது டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு நேரே தாவ முடியாது, நடுவில் இரண்டாவது டிவிஷனில் வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. செயின்ட் தாமஸுக்கு முதல் டிவிஷனின் சம்மிட் லீக் அழைப்பு விடுத்தது, 2020 ஜூலையில் என்சிஏஏ நேரடித் தாவலுக்கு அனுமதி தந்தது, 2021-இல் முதல் டிவிஷனில் ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஃபுட்பாலில் மட்டும் ஸ்காலர்ஷிப் தராத பயனியர் லீக்கில் சேர்ந்தார்கள். இரண்டாவது வருடமே, 2022-இல், பத்து வெற்றி, ஒரு தோல்வி என்ற கணக்கோடு அந்த லீக்கின் சாம்பியன். ஆனால் இடைக்கால விதிப்படி பிளேஆஃப் ஆடத் தகுதியில்லை, சாம்பியன் வீட்டில் இருக்க, இடம் அதே லீக்கின் டேவிட்சன் கல்லூரிக்குப் போனது. பழைய லீக்கின் ரசிகர்கள் சிலர் அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். 2023-இல் ஒரு தம்பதியர் தந்த 7.5 கோடி டாலர் நன்கொடையில் புது அரங்கம் எழுந்து, 2025-இல் திறக்கப்பட்டது. இனி அவர்கள் 65 கிலோ பிரிவுக்குத் திரும்பப் போவதில்லை.

இழப்பு உண்மையில் மற்றவர்களுக்குத்தான். கடைசி டாமி–ஜானி ஃபுட்பால் ஆட்டம் 2019 அக்டோபர் 19-இல், செயின்ட் பாலின் அலையன்ஸ் ஃபீல்ட் கால்பந்து மைதானத்தில் நடந்தது. 19,508 பேர், செயின்ட் ஜான்ஸ் 38–20. இன்னும் ஒரு ஆட்டம் 2020-இல் பாக்கி இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டுதான் கலைந்தார்கள். கோவிட் வந்து அந்தச் சீசனையே தின்றுவிட்டது. 118 வருடப் பகைக்கு விடைபெறும் ஆட்டம்கூட இல்லாமல் போயிற்று. அந்த ஒரு ஆட்டம்தான் எம்ஐஏசியை மாநிலத்துக்கு வெளியே பலருக்குத் தெரியவைத்தது.

நான் அந்த இடத்தில் ஓட்டுப் போடுகிறவனாக இருந்தால்? செயின்ட் தாமஸ் போகத்தான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். ஆறாயிரம் பேர் உள்ள நகரப் பல்கலைக்கழகம் அந்தச் சட்டைக்குள் இனி அடங்காது, அவர்களுக்கே அது தெரிந்திருக்கும். ஆனால் நூற்றாண்டு நிறைவுக்கு ஒரு வருடம் முன்னால், நிறுவிய உறுப்பினரை விருப்பமில்லாமல் நீக்குகிறோம் என்று அறிக்கை விடுவதற்குப் பதிலாக, ஐந்து வருடம் கொடுத்து, வெளி ஆட்டமாக டாமி–ஜானியைத் தொடர்வதற்கு ஏற்பாடும் செய்து, கௌரவமாக வழியனுப்பியிருக்கலாம். முடிவில் எனக்குக் குறை இல்லை, நடத்திய விதத்தில்தான்.

அதன்பிறகு லீக் தன்னைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் டுலூத்திலிருந்து செயின்ட் ஸ்கொலாஸ்டிகா புதிதாகச் சேர்ந்தது. இருபது வருடம் வெளியே இருந்த மெக்காலஸ்டர் எம்ஐஏசி ஃபுட்பாலுக்குத் திரும்பி வந்தது, அந்தப் பழைய 50 தோல்விக்காரர்களேதான். பத்து அணிகளை ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவாக்கி, கடைசி வாரத்தில் இரு பிரிவின் முதல் அணிகளும் பட்டத்துக்கு மோதும்படி செய்தார்கள். இதனால் ஒரு பலவீனமான அணிக்கு எதிரில் பெரிய அணிகள் எல்லாம் ஒவ்வொரு வருடமும் வந்து நிற்பது குறைந்தது. நவம்பர் வரை கணக்குப் போட ஏதாவது மிஞ்சியது. வெளியேற்றத்தைவிட இந்த அட்டவணை மாற்றம்தான் பட்டப் போட்டிக்கு உயிர் கொடுத்தது என்பேன், ஆனால் அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

நீங்கள் இந்த லீக்கைப் பார்க்கத் தொடங்குவதாக இருந்தால் செயின்ட் ஜான்ஸும் பெத்தலும் மோதும் ஆட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள், பட்டம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகிறது. அப்புறம் நார்த்ஃபீல்ட் என்ற ஒரே ஊரில் இருக்கும் கார்ல்டனும் செயின்ட் ஓலாஃபும் ஆடும் ஆட்டம். பட்டத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. இந்த இரண்டு கல்லூரிகளும்தான் 1977-இல் கெஜக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, 100 மீட்டர் மைதானத்தில் என்சிஏஏவின் ஒரே மெட்ரிக் ஃபுட்பால் ஆட்டத்தை ஆடின. செயின்ட் ஓலாஃப் 43, கார்ல்டன் 0. அந்த 43–0-க்காக யாரும் யாரையும் லீக்கை விட்டுப் போகச் சொல்லவில்லை.